முயல் வாங்கும் முன், முயல் இல்லாமல் பத்து நாள்

கேள்வி: டாக்டர், நாங்கள் திருச்சியில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு. மூன்று மாதமாக முயல் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு ஜோடி பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "கேரட், முட்டைகோஸ் போட்டா போதும், ஒரு தொல்லையும் இல்ல" என்றாராம் விற்பவர். வாங்குவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று தேடினால், ஒரு வீடியோவில் சொல்வதை இன்னொன்றில் மறுக்கிறார்கள். எதை விசாரிக்க வேண்டும், யாரிடம் விசாரிக்க வேண்டும்? எனக்கு நாய் என்றால் பயம், அதனால்தான் முயல் என்று யோசித்தோம்.

பதில்: வாங்குவதற்கு முன்னால் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி சகோதரி. என்னிடம் வருகிற முயல்களில் முக்கால்வாசி, வாங்கி, பெயர் வைத்து, போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பி, அப்புறம் ஒரு நாள் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்த பிறகு வருபவைதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஷட்டரை இறக்கப் போகிற நேரத்தில், ஒரு தம்பதி செருப்பு டப்பாவில் ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வயது. "ரெண்டு நாளா சரியா சாப்பிடல சார், மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. உதட்டை விலக்கிப் பார்த்தேன். கீழ் வெட்டுப்பல் இரண்டும் நீண்டு வளைந்து மேல் உதட்டைக் குத்திக்கொண்டிருந்தன. வயிற்றைத் தொட்டால் பிசைந்து வைத்த மாவு மாதிரி இருந்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கேரட், பிரட், சாயங்காலம் ஒரு பிஸ்கட், அதுவும் பாலில் நனைத்து. புல்? இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "புல்லா சார்? அது ஆட்டுக்குத்தானே?"

அலட்சியமான ஆட்கள் இல்லை. அந்த முயலுக்கு வீட்டில் தனியாக ஒரு மெத்தையே இருந்ததாம். அவர்களிடமும் யாரோ கேரட் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முயல் பிழைத்துக்கொண்டது, ஆனால் இன்றுவரை மாதம் ஒருமுறை பல்லை வெட்டிக்கொள்ள என்னிடம் வருகிறது, அதன் ஆயுள் முழுக்க வர வேண்டியிருக்கும்.

இந்தப் பல் விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதி விசாரணை முடிந்தது. முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளரும், பின்னால் இருக்கும் கடைவாய்ப் பற்களும் வளரும். நாள் முழுக்கப் புல்லை வைத்து அரைத்துக்கொண்டிருந்தால்தான் அது தேயும். கேரட்டோ பிஸ்கட்டோ நாலு கடியில் தீர்ந்துவிடும். குடலும் அப்படித்தான், நார் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் ஓடும். நார் குறைந்தால் குடல் மெதுவாகி, நின்று, வாயு கட்டி, வலியில் முயல் சாப்பாட்டை நிறுத்தும், நிறுத்தியதால் குடல் இன்னும் மோசமாகும். நாய் ஒரு நாள் பட்டினி கிடந்தால் நான் பதற மாட்டேன். முயல் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசர கேஸ், விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது.

ஆகவே, முயலின் முக்கியச் சாப்பாடு புல். அதன் உடம்பு அளவுக்கு ஒரு கட்டு, தினமும். கூடக் கொஞ்சம் கீரை, கடையில் விற்கும் பெல்லட் (சின்னக் குச்சி வடிவத்) தீவனம் வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு 25 கிராம் என்ற கணக்கில், அதற்கு மேல் வேண்டாம். கேரட் நமக்கு மைசூர்பாகு மாதிரி, விரல் நுனி அளவு எப்போதாவது கொடுங்கள். முட்டைகோஸ் நிறையப் போனால் சில முயல்களுக்கு வயிறு உப்பும்.

புல்லுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். வெளிநாட்டு வீடியோவில் 'டிமொத்தி' என்று ஒரு காய்ந்த புல்லைக் காட்டுவார்கள், இங்கே அது இறக்குமதி விலை. நம் ஊர் அருகம்புல் அதற்கு நல்ல மாற்று. பிள்ளையார் கோயில் வாசலில் கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அதேதான், ஆனால் எங்கே அறுத்தது, அங்கே மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்கி, அலசி, ஈரம் போக உலர்த்திப் போடுங்கள். பால்மாடு வைத்திருப்பவர்களிடம் கம்பு நேப்பியர் புல் கிடைக்கும். காந்தி மார்க்கெட்டில் முள்ளங்கி வாங்கும்போது இலையைக் கிள்ளிப் போடச் சொல்லுவோம் இல்லையா, இனி அதைக் கேட்டு வாங்கி வரலாம். கொத்தமல்லி, புதினாவும் சரி. குதிரைமசால் என்ற தீவனப் பயிர் குட்டிக்கு நல்லது, வளர்ந்த முயலுக்குத் தினமும் போட்டால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மூத்திரப் பையில் சேறு மாதிரிப் படியும்.

சரி, வீடியோக்கள் ஏன் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் ஆட்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரும்பாலும் மூன்று பேர் மூன்று வெவ்வேறு முயலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் காரணம். தமிழில் நீங்கள் பார்ப்பதில் பாதிக்கு மேல் பண்ணைக்காரர்கள் போடுவது, கறிக்காக வளர்க்கும் முயல். மூன்று நாலு மாதத்தில் எடை ஏற வேண்டும், அப்புறம் விற்றாக வேண்டும், அதனால் அடர்தீவனம் அதிகம், கம்பி வலைத் தரை, அடுக்குக் கூண்டு. அவர்கள் கணக்குக்கு அது சரியாக இருக்கலாம், அந்த முயல் ஆறு வயதில் பல் வலியோடு இருக்கப்போவதில்லை. உங்கள் மகனுடைய முயல் எட்டு, பத்து வருஷம் வாழ வேண்டியது. கம்பி வலையில் அதன் பாதம் புண்ணாகிவிடும், ஏனென்றால் நாய் பூனைக்கு இருப்பது போன்ற பாத மெத்தை முயலுக்குக் கிடையாது, வெறும் முடிதான். இரண்டாவது வகை, குளிர் நாட்டுக்காரர்கள். முயல் நலத்தில் அவர்கள் சொல்வது நிறைய சரி, ஆனால் பனியில் எப்படிக் காப்பாற்றுவது என்று பத்து நிமிடம் பேசுவார்கள், நம் பிரச்சினை மே மாதம். மூன்றாவது வகை விற்பவர்கள். அவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இனி எந்த வீடியோ பார்த்தாலும், இவர் எந்த முயலைப் பற்றிப் பேசுகிறார், எந்த ஊரில் இருந்து பேசுகிறார் என்று முதலில் பாருங்கள், முரண்பாடு பாதி குறைந்துவிடும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், நீங்கள் இருப்பது திருச்சி. வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம், குழி தோண்டி மண்ணுக்குள் குளிர்ச்சியாகப் படுக்கும் ஜாதி. நம் ஊர்க் காட்டில் ஓடுகிற முயல் வேறு விலங்கு. அது குழி தோண்டாது, குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். (அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், யாராவது 'நாட்டு முயல் குட்டி' என்று காட்டினால் கிட்டே போகாதீர்கள்.) தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் நம் வெயில் இதற்கும் பழக்கம் என்று நினைத்துவிடுகிறோம். மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பது கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில், அதிலேயே உங்களுக்குப் புரியும். முயலுக்கு வியர்க்காது, சூட்டை அது பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியே விடும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும், உங்கள் ஊரில் அக்னி நட்சத்திரத்தில் 40 தொடும். மொட்டை மாடியில் தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்டுக் கூண்டு வைக்கும் யோசனை உங்கள் வீட்டுக்காரருக்கு இருந்தால் இன்றே விட்டுவிடச் சொல்லுங்கள். வீட்டிலேயே குளுமையான, காற்றோட்டமான அறை, மொசைக் அல்லது டைல்ஸ் தரையில் ஒரு பக்கம் மட்டும் பாய், துணி சுற்றிய ஐஸ் பாட்டில், காதில் ஈரத்துணி ஒற்றுவது, இதெல்லாம் ஏப்ரலில் இருந்து ஜூன் வரை தினசரி வேலை. சூடு தாங்கவில்லை என்று பக்கெட் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

இடம். பிரிட்டனில் முயல் நலத்துக்காக வேலை செய்பவர்கள் ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் கேட்கிறார்கள். நம் பிளாட்டில் சில படுக்கையறையே அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது! கூண்டு சின்னதாக இருந்தால் பரவாயில்லை, அதன் கதவு பெரும்பாலான நேரம் திறந்திருந்து முயல் அறையில் ஓட முடிந்தால் போதும் என்பேன். ஆனால் ஓடினால் சார்ஜர் வயரைக் கடிக்கும், சோபா காலைக் கடிக்கும். உங்கள் வீடு வாடகை வீடா, வீட்டு உரிமையாளர் சம்மதிப்பாரா என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜோடி விஷயத்துக்கு வருகிறேன். முயல் தனியாக இருக்க விரும்பாது, ஜோடி என்பது சரியான யோசனைதான், சந்தையில் வாங்கும் ஜோடிதான் சரியில்லை. குட்டியில் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது எங்களுக்கே கையில் எடுத்து நிதானமாகப் பார்க்க வேண்டிய வேலை, விற்பவர் கூடையில் இருந்து இரண்டைத் தூக்கிக் கொடுத்து ஜோடி என்பார். இரண்டும் ஆண் என்றால் நாலைந்து மாதத்தில் ஒன்றை ஒன்று கடித்துக் கிழிக்கும். ஆணும் பெண்ணும் என்றால், கர்ப்பம் ஏறக்குறைய 31 நாள், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினையாகும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 'இரண்டு வாங்கினோம் டாக்டர், இப்ப பதினேழு இருக்கு, யாருக்காவது வேணுமா' என்ற போன் எனக்கு வருஷத்தில் இரண்டு மூன்று வரும். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால்தான் ஜோடியாக வைக்க முடியும். பெண் முயலுக்குக் குட்டி வேண்டாம் என்றாலும் அது தேவை, நாலு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் அவற்றில் மிகச் சகஜம்.

இங்கேதான் நீங்கள் யாரிடம் விசாரிப்பது என்ற கேள்விக்குப் பதில் வருகிறது. முயலைத் தேடும் முன் முயல் பார்க்கும் டாக்டரைத் தேடுங்கள். கால்நடை மருத்துவர் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள், நாங்கள் படித்ததில் மாடும் ஆடும் கோழியும்தான் அதிகம், முயலை நானே கைப்பழக்கத்தில்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த முதல் வருஷம், ஒரு முயலுக்குச் சிவப்பாக மூத்திரம் போகிறது என்று ரத்தம் என்று முடிவுகட்டி நாலு நாள் ஊசி போட்டேன். அது பீட்ரூட் தின்றிருந்தது. இப்போது சிரிக்கிறேன், அந்த முயலுக்குச் சிரிப்பாக இருந்திருக்காது. அதனால் உங்கள் பக்கத்து டாக்டருக்குப் போன் போட்டு, முயல் பார்ப்பீர்களா, மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்திருக்கிறீர்களா, ராத்திரியில் அவசரம் என்றால் யார் என்று நேராகக் கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ளவே மாட்டோம். அவர் முயல் பார்ப்பதில்லை என்றால் நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்கலாம், ஆனால் நடு ராத்திரியில் அவ்வளவு தூரம் முயலைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். வாங்குகிற விலையைப் போலப் பல மடங்கு ஒரே ஒரு அறுவை சிகிச்சைக்கு ஆகும், அதையும் அந்தப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மெடிக்கலில் கேட்டு வீட்டிலேயே மருந்து கொடுக்கும் பழக்கம் முயலிடம் செல்லாது. வாய் வழியாக அமாக்சிசிலின் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து முயலும் செத்துவிடலாம். நாய்க்கு உண்ணிக்காக முதுகில் விடுகிறார்களே சொட்டு மருந்து, அதில் பிப்ரோனில் இருந்தால் முயலுக்கு விஷம்.

மகன். ஒன்பது வயதுப் பையனுக்கு முயல் என்றால் மடியில் வைத்துக் கொஞ்சுவது. முயலுக்கு, மேலே இருந்து ஒரு கை வந்து தூக்கினால் பருந்து தூக்கியது போலத்தான். உதறும். அதன் உடல் எடையில் எலும்பு 8 சதவீதம்தான், பூனைக்கு 13, ஆனால் பின்னங்காலில் அவ்வளவு பலம், பிடி சரியில்லாமல் உதறினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். காதைப் பிடித்துத் தூக்குவதைக் கேட்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து, அது தானாகப் பக்கத்தில் வரும்வரை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பொறுமை அவனுக்கு இருந்தால், முயல் அவனுக்கு ஏற்ற பிராணி. ஓடிப் பிடித்து விளையாட வேண்டும் என்றால் இல்லை. அப்புறம் நான்காம் வகுப்பில் வாங்கும் முயல் அவன் பிளஸ் டூ எழுதும்போதும் வீட்டில் இருக்கும், புல் கொண்டுவருவது அன்றைக்கு நீங்கள்தான்.

அதனால் நான் சொல்லும் விசாரணை இது: முயல் இல்லாமலே பத்து நாள் முயல் வளர்த்துப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. தினமும் ஒரு கட்டு அருகம்புல்லோ வேறு புல்லோ வீட்டுக்கு வர வேண்டும். மகன் காலையில் ஏழு மணிக்கு அதை அலசிப் பரப்ப வேண்டும், ராத்திரி எடுத்துப் போட வேண்டும். (மிஞ்சியதைப் பக்கத்துத் தெரு மாட்டுக்குக் கொடுத்துவிடலாம்.) அறையில் ஒரு மூலையைச் சுவரோடு அட்டை வைத்து ஒதுக்கி, அங்கே யாரும் பொருள் வைக்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த மூலையில் ஒரு வெப்பமானி வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கும் மே லீவுக்கும் ஊருக்குப் போகும்போது சாவி யாரிடம் கொடுப்பீர்கள், அவருக்குப் புழுக்கை எண்ணிப் பார்க்கத் தெரியுமா என்று அந்தப் பத்து நாளில் ஒருவரிடம் பேசியும் விடுங்கள். ஐந்தாம் நாள் புல் வரவில்லை என்றால், யார் மறந்தார்கள், ஏன் மறந்தார்கள் என்று தெரிந்துவிடும், அதைவிட நல்ல விசாரணை எந்த வீடியோவிலும் இல்லை.

பத்து நாளும் ஓடிவிட்டது, வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். தெருவோரம் கூடையில் விற்பவரிடம் வேண்டாம். 2018இல் வந்த மத்திய விதிகளின்படி செல்லப்பிராணிக் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தொடாதீர்கள், சந்தையில் உள்ளங்கைக்குள் அடங்கும் 'பஞ்சு மாதிரி' குட்டிகள் தாயிடம் இருந்து சீக்கிரமே பிரிக்கப்பட்டவை, கழிச்சல் வந்து முதல் வாரத்திலேயே சாவது அவைதான். கையில் எடுத்தால் முகத்தைப் பார்த்து மயங்காமல் முன்னங்காலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முடி சிக்குப்பிடித்து ஒட்டியிருந்தால் அது சளியைக் காலால் துடைத்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். காதுக்குள் தவிடு மாதிரிப் பக்கு இருந்தால் சொறி. மூக்கிலும் பாதத்திலும் வருகிற ஒரு வகைச் சொறி உங்கள் மகன் கைக்கும் வரும். பின்பக்கம் ஈரமாக இருந்தால் கழிச்சல். நாலு பல்லும் நேருக்கு நேர் பொருந்துகிறதா என்று உதட்டைத் தூக்கிப் பாருங்கள். இதையெல்லாம் பார்க்க விற்பவர் விடவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். வளர்க்க முடியாமல் தவிக்கிற யாரிடமாவது இருந்து வளர்ந்த முயலை வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது, ஆணா பெண்ணா என்று தெரிந்திருக்கும், குணமும் தெரிந்திருக்கும்.

முயல் ஒத்துவராது என்று தோன்றினால் உடனே கிளிக்குப் போய்விடாதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம், ஊர் முழுக்க விற்றாலும் குற்றம்தான்.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் அடுத்த ஞாயிறும் வந்துவிட்டு, வீட்டுக்காரர் அந்த ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றால், திட்ட வேண்டாம். இரண்டையும் கண்ணால் பார்க்கும் தூரத்தில், ஆனால் தனித்தனியாக வையுங்கள். குளிப்பாட்டாதீர்கள். விற்பவர் என்ன போட்டுக்கொண்டிருந்தாரோ அதையே முதலில் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லுக்கு மாற்றுங்கள், திடீரென்று மாற்றினாலும் கழிச்சல் வரும். தண்ணீர் கனமான கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். ராத்திரி அது தன் பின்பக்கம் வாயை வைத்து எதையோ தின்பதைப் பார்த்துப் பயந்து தடுக்காதீர்கள். திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று வரும் அந்தப் புழுக்கையை அது மறுபடி தின்றால்தான் முழுச் சத்தும் கிடைக்கும். சமையலறைத் தராசில் ஒரு பாத்திரத்தில் உட்கார வைத்து எடையைப் பார்த்து, தேதியோடு காலண்டரில் எழுதுங்கள், அதை மகன் செய்யட்டும். அந்த எண் ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, காலண்டரையும் ஒரு கவரில் பத்துப் பதினைந்து புழுக்கையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். செருப்பு டப்பா வேண்டாம், மூச்சு முட்டும், காற்றுப் போகிற கூடை எடுத்துக்கொள்ளுங்கள்.